துண்டைப் பிடுங்கிய விவகாரம் குறித்து அக்காவுக்கு

இயேசு மரி சூசை துணை

ஆம்பூர்,
செவ்வாய்க்கிழமை

பாசத்திலும் மரியாதையிலும் எனக்குத் தாய் போன்ற சவுரியம்மாள் அக்கா அவர்களுக்கு, உடன்பிறந்த தம்பி தைரியநாதன் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மேகலாவும் பாரதியும் ஆண்டவர் தயவில் நலம். காவேரிப்பாக்கத்தில் தங்கள் நலமும், மாமாவின் நலமும், மாமாவின் முழங்கால் நலமும், ஏரித் தண்ணீரின் நலமும் அறிய ஆவலாய் இருக்கிறோம்.

இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுவான் என்று தாங்கள் நினைக்கலாம். நானும் எழுதுகிறவன் இல்லை. ஆனால் தங்களுக்குப் போன் போட்டால் ஒரே ஒரு மணி அடித்து அடங்கிவிடுகிறது. வாட்ஸ்அப்பில் தாங்களும் மாமாவும் வேளாங்கண்ணியில் எடுத்துக்கொண்ட படம் இருந்த இடத்தில் முகமில்லாத ஒரு சாம்பல் தலை உட்கார்ந்திருக்கிறது. பாரதியிடம் காட்டி, "அத்தைக்கு இன்னாம்மா ஆச்சு?" என்று பதறினேன். "அத்தைக்கு ஒண்ணும் ஆவலப்பா. உங்கள பிளாக் பண்ணிட்டாங்க" என்றாள், குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதைச் சொல்வதுபோல. எனவே தபால் ஆபீசுக்குப் போய் உறை கேட்டேன். அங்கிருந்த பெண், "வேலைக்கு அப்ளிகேஷனா சார்?" என்று கேட்டாள். அக்காவுக்கு என்றேன். இரக்கத்தோடு பார்த்துவிட்டு, ஒட்டும்போது கிழிந்தால் இருக்கட்டும் என்று இரண்டு உறையாகக் கொடுத்தாள்.

அக்கா, விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது தங்களை அவமானப்படுத்த நடந்தது அல்ல. தாங்கள் குளித்துவிட்டு வந்து கொடியில் கிடந்த பச்சைத் துண்டின்மேல் கை வைத்தீர்கள். மேகலா சமையல் கட்டிலிருந்து கரண்டியோடு பாய்ந்து வந்து, "அய்யோ அண்ணி, அத தொடாதீங்க!" என்று கத்தித் துண்டைப் பிடுங்கினாள். அதற்கு முன்னால் தாங்கள் சோபாவில் உட்காரப் போனபோது நான் குறுக்கே விழுந்து பெட்ஷீட் விரித்தேன். முதல் நாள் ராத்திரி தாங்கள் படுக்கக் கேட்ட தலையணையைக் கொடுக்காமல் வேறு தலையணையை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். சீப்பை ஒளித்துவைத்தோம். இதையெல்லாம் வரிசையாகப் பார்க்கிற எந்த அக்காவுக்கும் நெஞ்சு வெடிக்கத்தான் செய்யும். துண்டு கையை விட்டுப் போனதும் தங்கள் முகம் எப்படிச் சிவந்தது என்பதை நான் பார்த்தேன். "நான் கெளம்பறேன்டா" என்ற ஒரு வார்த்தை. அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டீர்கள். அடுப்பில் பிரியாணி தம்மில் இருந்தது அக்கா. ஆம்பூருக்கு வந்து பிரியாணி தம்மில் இருக்கும்போது ஒருவர் கிளம்பிப் போனால் அது சாதாரணக் கோபம் இல்லை என்று பக்கத்து வீட்டு வஹாப் பாயே சொன்னார். தங்கள் பங்கையும் அவர்தான் சாப்பிட்டார். கண்ணீரோடு சாப்பிட்டார் என்றே சொல்ல வேண்டும். மிளகாய் கொஞ்சம் ஜாஸ்தி.

நடந்த உண்மை இதுதான். அப்போது பாரதிக்குப் படர்தாமரை. இதை வெளியே சொல்லக் கூடாது என்று மேகலா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். நான் வாயால் சொல்லவில்லை, எழுதத்தான் செய்கிறேன், ஆகையால் சத்தியம் அப்படியே இருக்கிறது.

பாரதி பள்ளிக்கூடத்தில் கபடி ஆடுகிறாள் என்பது உனக்குத் தெரியும். (இதற்குமேல் தாங்கள் தாங்கள் என்று எழுத முடியவில்லை அக்கா, கை வலிக்கிறது.) பிளஸ் ஒன் வந்ததிலிருந்து மாவட்ட அணியில் சேர வேண்டும் என்று ஒரே வெறி. சாயங்காலம் முழுக்க, கபடிக்கு விரிக்கிற அந்த ரப்பர் மேட்டில் உருண்டு புரண்டு, சட்டை பிழிகிற மாதிரி வேர்த்து வந்து, அதே ஜெர்சியோடு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். ஒரு நாள் முழங்கைக்குக் கீழே சிவப்பாக ஒரு வட்டம். ஓரம் தடித்து, நடு வெளுத்து, ரூபாய் நாணயத்தை அழுத்தி எடுத்த மாதிரி இருந்தது. அரிக்கிறது என்றாள். நான் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். அக்கா, நான் தோல் கம்பெனியில் ஃபினிஷிங் சூப்பர்வைசர். மழைக்காலத்தில் ஈரத் தோல் அடுக்கில் பூஞ்சை பிடித்தால் கதவைத் திறக்கும்போதே மூக்கில் கண்டுபிடித்துவிடுவேன். என் செக்ஷனில் ஒரு தோல்கூடப் பூஞ்சையால் திரும்பி வந்ததில்லை. அப்படிப்பட்ட நான் என் மகள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொன்னேன்: "இது சூடு. இளநீ குடி, சரியாப் பூடும்."

இளநீர் குடித்தாள். வட்டம் நாணயத்திலிருந்து வடை அளவுக்கு வந்தது.

பிறகு நான் மெடிக்கல் ஷாப்பில் நின்று, வயசுப் பொண்ணு விஷயம் என்பதால் பாதியை வாயாலும் பாதியைக் கையாலும் சொன்னேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு டியூபை நீட்டினார். அதைப் போட்டதும் சிவப்பு மறைந்தது, அரிப்பு நின்றது. நான் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். வஹாப் பாயைக் கூப்பிட்டு, "டாக்டருங்க எல்லாம் எதுக்கு பாய்? ஒரு டியூபு!" என்றேன். சிரித்து முடிக்கவில்லை, அது திரும்பி வந்தது. தனியாக வரவில்லை, குடும்பத்தோடு வந்தது. கழுத்தில் ஒன்று, இடுப்பில் ஒன்று, பழைய வடை இப்போது அடை. பாரதி வெட்கப்பட்டுக்கொண்டு வேலூர் வெயிலில் முழுக்கைச் சட்டையைப் பித்தான் போட்டு மாட்டிக்கொண்டு அலைந்தாள். உள்ளே வேர்க்க வேர்க்க அது இன்னும் சந்தோஷமாகப் படர்ந்தது.

"இன்னா தைரியம், நீ ஏன் பேஜார் ஆவற? சீமை அகத்தி எலய அரைச்சுப் போடு, ஓடிப் பூடும்" என்றார் வஹாப் பாய். இரண்டு பேரும் அவர் ஸ்கூட்டரில் பாலாற்றங்கரைக்குப் போய், ஒரு நாயிடம் விளக்கம் சொல்லி, இலையைப் பறித்து வந்தோம். மேகலா அதை அரைத்து ஒரு கிண்ணத்தில் வழித்து ஃபிரிட்ஜில் வைத்தாள். வைத்தவள் என்னிடம் சொல்லவில்லை. மறுநாள் காலை அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். நான் இட்லியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஃபிரிட்ஜைத் திறந்து, பச்சையாக ஒரு சட்னி இருக்கக் கண்டேன். புதினா என்று நினைத்தேன். உப்பு கம்மி, கசப்பு ஜாஸ்தி. கட்டின மனைவி அரைத்ததைக் குறை சொல்லக் கூடாது என்று கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போனேன்.

அந்த இலைக்கு மலத்தை இளக்கும் குணமும் உண்டு என்பது எனக்குத் தெரியாது அக்கா. அன்றைக்குப் பார்த்து இத்தாலியிலிருந்து தோல் வாங்கும் பையர் வந்திருந்தார். நான்தான் தோலை விரித்துக் காட்ட வேண்டும். ஒரு தோலை விரிப்பேன், அவர் தடவிப் பார்த்து வாயைத் திறப்பார், நான் ஓடிவிடுவேன். திரும்பி வந்து அடுத்த தோலை விரிப்பேன், அவர் வாயைத் திறப்பார், நான் ஓடிவிடுவேன். இவன் எங்கேயோ இதைவிட நல்ல தோலை ஒளித்துவைத்துக்கொண்டு போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறான் என்று அந்த மனிதர் முடிவு கட்டி, "அவர் போகும் அறையை நானும் பார்க்க வேண்டும்" என்று மேனேஜரிடம் அடம் பிடித்தாராம். மேனேஜர் அவரைத் தடுத்து நிறுத்தியதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டு யோசித்தேன். தோலுக்கு வரும் பூஞ்சைக்குத்தான் கம்பெனியில் கேன் கேனாக மருந்து இருக்கிறதே, அதில் ஒரு சொட்டு, தண்ணீர் கலந்து... என்று மேகலாவிடம் ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை. "அது மாட்டுக்குத் தோல உரிச்சதுக்கு அப்பறம் போடற மருந்து! எம் பொண்ணுக்கு இன்னும் உரிக்கல!" என்று அவள் போட்ட சத்தத்தில் வஹாப் பாய் வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள்.

இவ்வளவும் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நாள் பாரதி பள்ளிக்கூடம் விட்டதும் ஆடாமல் நேரத்திலேயே வந்துவிட்டாள். பி.டி. மிஸ் கழுத்து வட்டத்தைப் பார்த்துவிட்டார்களாம். "டாக்டர்ட்ட காட்டி, சரியாப் போச்சுன்னு எழுதி வாங்கிட்டு வர்ற வரைக்கும் மேட்ல எறங்காத. மத்த பிள்ளைங்களுக்கும் ஒட்டும்" என்று நல்லபடியாகத்தான் சொன்னார்கள். செலக்ஷன் அடுத்த மாதம். என் மகள் அழவில்லை. ஷூவைக் கழற்றி வாசலில் ஜோடியாக வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். தன் தண்ணீர் பாட்டிலை யாரும் கேட்கவில்லை, அவர்களுடையதை யாரும் கொடுக்கவுமில்லை என்று மட்டும் சொன்னாள். நான் பக்கத்தில் போய், "நான் ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேம்மா" என்றேன். "அப்பா, நீங்க எதுவும் பண்ணாம இருந்தீங்கன்னா அதுவே பெரிய உதவி" என்றாள்.

மேகலாவுக்கு வேறு கவலை. "பொண்ணு ஒடம்புல தோல் வியாதின்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று மூக்கைச் சிந்தினாள். "இப்ப எவனாவது வாசல்ல நிக்கறானாம்மா?" என்று பாரதி கேட்டாள். பிறகு அவளே, "நாளைக்கு வேலூருக்குப் போறோம். தோல் டாக்டர்ட்ட. பேச வேண்டியத நான் பேசிக்கறேன்" என்றாள்.

டாக்டரம்மா பெயர் உமைமா. சின்ன வயசு. "எவ்ளோ நாளா இருக்கு?" என்று பாரதியைக் கேட்டார்கள். நான் பதில் சொன்னேன். "எங்கெங்க அரிக்குது?" நான் பதில் சொன்னேன். "உங்களுக்கா சார் அரிக்குது?" என்றார்கள். அதன்பிறகு பாரதி சொன்னாள், எல்லாவற்றையும், கூச்சப்படாமல். டாக்டரம்மா கேட்டுவிட்டு, "இது சூடு இல்ல, ரத்தம் கெட்டதும் இல்ல. பூஞ்சை. வேர்வையும் ஈரமும் தங்கற எடத்துல குடி வந்துடும். உன் வயசுல, வெளையாடற பிள்ளைங்களுக்கு சகஜமா வர்றதுதான். வெக்கப்படறதுக்கு இதுல ஒண்ணுமே இல்ல" என்றார்கள். பாரதியின் தோள் இறங்கியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சரி, நாமும் கொஞ்சம் மரியாதை சம்பாதிப்போம் என்று, "பூஞ்சைன்னா எனக்குத் தெரியும் டாக்டர், தோல் கம்பெனில அதான் என் வேலையே" என்றேன். "அப்படியா? அப்ப ஏன் சார் இவ்ளோ லேட்?" என்றார்கள்.

டியூபை எடுத்து வைத்தேன். அவர்கள் அதை ஒரு செத்த எலியைத் தூக்குவதுபோலத் தூக்கினார்கள். "இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கு. செவப்பையும் அரிப்பையும் அமுக்கிடும், பாக்கறவங்களுக்கு ஆறுன மாதிரி இருக்கும். பூஞ்சைக்கு நீங்க ஒக்கார வெச்சு சோறு போட்டிருக்கீங்க." பிறகு வேறு களிம்பு எழுதினார்கள், மாத்திரையும் எழுதினார்கள். வட்டத்தின்மேல் மட்டும் தடவக் கூடாது, ஓரத்தைத் தாண்டிச் சுற்றிலும் தடவ வேண்டும். மறைந்துவிட்டதே என்று நடுவில் நிறுத்தக் கூடாது, சொல்கிற வரைக்கும் போட வேண்டும். ஆடி முடித்ததும் குளித்து, மடிப்பு மடிப்பாக ஈரம் துடைத்து, காய்ந்த பருத்தித் துணி போட வேண்டும். ஜெர்சியைத் தினம் துவைத்து வெயிலில் காய வைக்க வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று டாக்டரம்மா என்னைப் பார்த்து, "சார், உள்ள வந்ததுல இருந்து நீங்க ஏன் இடுப்ப சொறிஞ்சிட்டே இருக்கீங்க?" என்றார்கள்.

"அது பழக்கம் டாக்டர்."

"காட்டுங்க அந்தப் பழக்கத்த."

திரைக்குப் பின்னால் போனேன். பெல்ட்டுக்குக் கீழே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை, நம் மாவட்ட வரைபடமே இருந்தது அக்கா. நான் பெல்ட் இறுக்கம் என்று நினைத்திருந்தேன். "வீட்ல எத்தன பேர்? எத்தன துண்டு?" என்று கேட்டார்கள். மூன்று பேர், ஒரு துண்டு. நல்ல துண்டு, குடியாத்தத்தில் வாங்கியது, பச்சைக் கலர், சாயம் போகாது என்று சொல்ல ஆரம்பித்தேன். வெளியே வந்தபோது பாரதி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை. பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள். பள்ளிகொண்டா தாண்டியதும் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, இனிமே உங்களுக்கும் மேட்ல எறங்க பர்மிஷன் கெடயாது" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இரண்டு பேரும் சொறிந்துகொண்டே சிரித்தோம்.

மறுநாளே வீட்டைக் கம்பெனி ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு சீப்பு, ஆளுக்கொரு தலையணை. தோலில் அடையாளம் போடும் அழியாத மையால் ஒவ்வொன்றிலும் பெயர் எழுதினேன். பச்சைத் துண்டு என் பங்குக்கு வந்தது. அதில் மட்டும் மறதியாகப் பெயர் எழுதாமல் விட்டுவிட்டேன். அந்த நேரத்தில்தான் அக்கா நீ வந்தாய், அந்தத் துண்டிலேயே கை வைத்தாய். மேகலா பிடுங்கியது உன் கைக்குத் தீட்டு என்று இல்லை. என் இடுப்பிலிருந்து உன்னைக் காப்பாற்றுவதற்காக. இதை அப்போதே சொல்லியிருந்தால் எல்லோரும் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டிருப்போம். பெண்ணின் பெயர் கெட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டு நின்றோம்.

நல்ல செய்தியும் சொல்லிவிடுகிறேன். வட்டங்கள் மறைந்ததும் நான், "போதும், நிறுத்திடலாமே" என்றேன். பாரதி களிம்பை என்னிடமிருந்து வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டு, டாக்டரம்மா போதும் என்கிற வரைக்கும் போட்டாள், என்னையும் போட வைத்தாள். எழுதி வாங்கிக்கொண்டு மேட்டில் இறங்கினாள். செலக்ஷன் அன்று நானும் மேகலாவும் வேலி ஓரமாக நின்றோம். ரெய்டு போனவளை எதிர் அணியில் நாலு பேர் வளைத்துவிட்டார்கள். ஒருத்தி இடுப்பைப் பிடித்தாள், ஒருத்தி காலை. "விடாத! விடாத!" என்று நான் எந்தப் பக்கத்துக்குச் சொல்கிறேன் என்றே தெரியாமல் கத்தினேன். என் மகள் நாலு பேரையும் இழுத்துக்கொண்டு மேட்டில் தவழ்ந்து வந்து, விரல் நுனியால் கோட்டைத் தொட்டாள். அன்று சாயங்காலம் மாவட்ட அணியில் அவள் பெயரைப் படித்தார்கள். கூட ஆடும் பெண்கள் அவளைக் கட்டிப் பிடித்துத் தூக்கினார்கள். யாரும் தள்ளி நிற்கவில்லை அக்கா. மேகலா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

ஆகவே கோபத்தை விட்டுவிட்டு வா. மாமாவையும் முழங்காலோடு கூட்டி வா. பிரியாணிக்கு நான் பொறுப்பு. விஷயம் நம் இருவருக்குள் இருக்கட்டும். நம் குடும்ப குரூப்பில் மட்டும் மூச்சு விடாதே, அதில் ஒன்றைப் போட்டால் நாட்றம்பள்ளி வரைக்கும் போய்விடும். ஆரோக்கிய மாதா உன்னையும் மாமாவையும் நோய் நொடியில்லாமல் காத்து, உன் மனதையும் கொஞ்சம் இளக்கித் தர வேண்டும் என்று மன்றாடுகிறேன். மாமாவுக்கு என் ஸ்தோத்திரம். மேகலா உன் காலைத் தொட்டுக் கும்பிடுவதாகச் சொல்லச் சொன்னாள். பாரதி அத்தைக்கு முத்தம் என்கிறாள்.

உன் பாசமுள்ள தம்பி,
தைரியநாதன்

பின் குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் மேகலாவுக்கு இதை முழுக்கப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன், சிரிப்பு. "அண்ணி கோச்சுக்கிட்டு எங்க போனாங்க? தெனமும் என்னோட போன்ல பேசிட்டுதான இருக்காங்க" என்கிறாள்! உனக்கும் இடுப்பில், பாவாடை நாடா கட்டுகிற இடத்தில், அதே வட்டமாமே? மேகலா துண்டைப் பிடுங்கியதும், உன் வட்டம் அவளுக்குத் தெரிந்துவிட்டது, உன்னிடமிருந்து பிள்ளைக்கு ஒட்டிவிடும் என்று பயந்து பிடுங்குகிறாள் என்று நினைத்து வெட்கத்தில் ஓடினாயாமே? என்னை பிளாக் செய்தது கோபத்தில் இல்லை, நான் வாய் தாங்காமல் குரூப்பில் போட்டுவிடுவேன் என்பதாலாமே? நான் அப்படிப்பட்டவனா அக்கா? போகட்டும். நீயும் அதே டியூபைத்தான் தடவிக்கொண்டிருக்கிறாயாம். முதலில் அதைத் தூக்கிக் குப்பையில் போடு. டாக்டரம்மாவிடம் உனக்கும் மாமாவுக்கும் வெள்ளிக்கிழமைக்கு டோக்கன் போட்டுவிட்டேன். போனை எடுத்த பெண் என் குரலைக் கேட்டதுமே, "உங்க குடும்பத்துல இன்னும் யார் சார் பாக்கி இருக்காங்க?" என்று கேட்டாள். தெரியவில்லை, குரூப்பில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டும் விட்டேன்.